ஈரோடு வரைக்கும்

ஜன்னலோரம் இடம் கிடைத்தது நல்லதாகப் போயிற்று, பிள்ளைக்குக் காற்று படும், வாந்தி வராது என்று பூங்கோதை நினைத்தாள். நினைத்த கையோடு, வந்தால்தான் என்ன, வாந்தி எடுத்தால் கவுந்தப்பாடியில் இறங்கி முகம் கழுவிவிட்டுக் கொஞ்ச நேரம் நிழலில் உட்காரலாம், அடுத்த பஸ் தாமதமாக வரும், அதற்குள் ஈரோட்டு ஆபீசில் அந்த மேடம் சாப்பிடப் போயிருப்பார், நாளைக்கு வாங்கம்மா என்று சொல்லிவிடுவார் என்று மனசு தன்னால் ஓடியது. ஓடுகிற மனசைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். மடியில் மிதுனா கம்பியைப் பிடித்துக்கொண்டு, கோபி பஸ் ஸ்டாண்டில் வாழைத்தார் ஏற்றுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வயசு முடிந்து அஞ்சு நடக்கிற பிள்ளை. பெற்றவள் சுகந்தி ஈரோட்டில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் இந்நேரம் வந்து காத்திருப்பாள். அவளிடம் பிள்ளையைத் திரும்பக் கொடுத்துவிட்டு வரத்தான் இந்தப் பயணம். வேறு வேலை ஒன்றும் ஈரோட்டில் இல்லை. வேறு ஏதாவது வேலையும் வைத்துக்கொண்டிருக்கலாம், பிளவுஸ் துணி எடுப்பது, மிக்சி ஜாரைச் சரி பண்ணுவது, திரும்பி வரும்போது கையில் ஏதாவது இருந்திருக்கும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் கையை எடுத்துப் பிள்ளையின் வயிற்றில் வைத்துக்கொண்டாள். காலையில் தின்ற தோசை அங்கே உருண்டையாக இருந்தது. இன்றைக்கு என்று பார்த்து அடம் பிடிக்காமல் தின்றிருந்தாள். அடம் பிடித்திருந்தால் திட்டியிருக்கலாம்.

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்க வார்த்து, சாம்பிராணி போட்டு, இரட்டைச் சடை பின்னும்போது கோணல் வகிடாகப் போய்விட்டது, அவிழ்த்துத் திரும்பப் பின்னினாள், அதுவும் கோணல்தான். சுகந்தி பார்த்து என்ன நினைப்பாள், ஒரு வகிடு நேராக எடுக்கத் தெரியாதவளிடமா பிள்ளையை விட்டிருந்தோம் என்று நினைப்பாளா, நினைக்கட்டுமே. இல்லை, நினைக்க மாட்டாள், அவள் அப்படிப்பட்ட பெண் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வீடியோ போனில் வந்தால் சாப்பிட்டாளாங்க்கா, தூங்கினாளாங்க்கா என்று ரெண்டே கேள்விதான் கேட்பாள், மீதி நேரமெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். சென்னியப்பன் காலையிலேயே வேலைக்குக் கிளம்பி நின்றார். இருபத்தெட்டு வருசமாகப் புருசன் என்று இருக்கிற மனுசன், தாமிரக் கம்பி சுற்றி மோட்டார் காயில் கட்டுகிற தொழில், ஒரு மோட்டார் எரிந்துபோனால் வீட்டுக்குள் இருந்தே அதன் வாடையைச் சொல்லிவிடுவார், ஆனால் இன்னைக்கு என்னையும் கூட்டிக்கிட்டுப் போடி என்று சொல்லத் தெரியவில்லை. அளுக்குளியில் ஒரு கிணற்று மோட்டார் ஓடவில்லை, போக வேண்டும் என்றார். குத்த வைத்து உட்கார்ந்து பிள்ளையின் செருப்பு வாரை மாட்டிவிட்டார், கழற்றினார், திரும்ப மாட்டினார். பெரியப்பா கூசுது என்று பிள்ளை சிரித்தாள். அவர் எழுந்து வண்டியை மிதித்துக்கொண்டே, நீ போயிட்டு வா என்றார். அதை யாரிடம் சொன்னார் என்று பூங்கோதைக்குத் தெரியவில்லை. பிள்ளைதான் டாட்டா காட்டினாள்.

பஸ் கிளம்பிக் கரட்டடிப்பாளையம் தாண்டியது. பக்கத்தில் ஏறி உட்கார்ந்த அம்மாள் மிதுனாவின் கன்னத்தைத் தொட்டு, பேத்திங்களா என்று கேட்டாள். இல்லைங்க, தங்கச்சி பிள்ளை என்று பூங்கோதை சொன்னாள். அது பொய்யும் இல்லை. பிள்ளை வந்த அன்றைக்கு என்னவென்று கூப்பிடச் சொல்வது என்று யோசித்து, அத்தை என்றால் தள்ளிப்போகிறது, அம்மா என்றால் திருடின மாதிரி இருக்கிறது என்று, பெரியம்மான்னு கூப்பிடு சாமி என்று அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். பெரியம்மா என்று வைத்த பிறகு, முகம் பார்த்திராத அந்தப் பெண் இவளுக்குத் தங்கச்சியாகிவிட்டாள். கூடப் பிறந்த தங்கச்சி இவளுக்குக் கிடையாது. ஒரே ஒரு தடவை, காய்ச்சலில் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது பிள்ளை கண்ணைத் திறக்காமல் அம்மா என்றாள். ம் என்று பூங்கோதைக்கு வாய் சொல்லிவிட்டது. சொன்னதற்கப்புறம் பிள்ளை தூங்கிவிட்டாள். இவள்தான் ஈரத்துணியை நனைப்பதும் பிழிவதுமாக, அந்த ம் யாருக்குச் சொந்தம் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், என்னைக் கூப்பிடவில்லை, அவளைத்தான் கூப்பிட்டாள், அவள் டி.பி. சானடோரியத்தில் கட்டிலில் இருமிக்கொண்டு கிடக்கிறாள், யாராவது ஒருத்தர் ம் சொல்லித்தானே ஆக வேண்டும்.

மகளிர் குழுக் கூட்டத்துக்கு அன்றைக்குப் போகாமல் இருந்திருந்தால் இதெல்லாம் இல்லை. ஒரு மேடம் வந்து பேசினார். தத்து எடுக்கிறது வேற, இது வேறங்க, அப்பா அம்மாவுக்கு முடியாமப் போன பிள்ளைகளைக் கொஞ்ச காலம் உங்க வீட்டுல வெச்சுப் பாத்துக்கறது, அவங்க தேறி வந்ததும் திரும்பக் கொடுத்துடணும் என்றார். திரும்பக் கொடுத்துடணும் என்கிற அந்த ஒரு வார்த்தைதான் பூங்கோதைக்குத் தைரியம் கொடுத்தது. மகன் நவநீதன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான், வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லை, ஒரு பிள்ளையைக் கொஞ்ச காலம் வைத்திருந்து கொடுப்பதில் என்ன இருக்கிறது, பக்கத்து வீட்டில் குண்டா இரவல் வாங்கினால் கழுவிக் கொடுப்பதில்லையா என்று நினைத்தாள். குண்டாவாம். முதலில் வந்தவன் தருண், ரெண்டு வயசு, அம்மா இல்லாத பையன், அப்பன் வேலை தேடிக்கொண்டு வரும்வரைக்கும் இருந்தான். அவனைக் கொடுத்தபோது தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப வேண்டாங்க, அழுவான் என்று இவள்தான் சொன்னாள், அப்பன் தோளில் அப்படியே மாற்றிக்கொண்டு போய்விட்டான், கன்னத்தில் இவள் புடவையின் மடிப்பு பதிந்திருந்தது. எங்கே கண் முழித்தானோ. முழித்ததும் யாரைத் தேடினானோ. ரெண்டு வருசம் கழித்து ஆடிப்பெருக்கன்று பவானிக் கூடுதுறையில் கூட்டத்துக்குள் அப்பனையும் மகனையும் பார்த்தாள், ஓடிப்போய் டேய் தருணு என்று கையைப் பிடித்தாள், அவன் கையை உருவிக்கொண்டு அப்பனின் வேட்டிக்குப் பின்னால் போய், யாருப்பா இவங்க என்றான். தெரிஞ்சவங்க சாமி என்றான் அப்பன். அவன் மேல் தப்பில்லை. தெரிஞ்சவங்கதான். அவனுக்குப் பருப்புச் சோறு பிடிக்கும், ரசம் பிடிக்காது, வலது காதுக்குப் பின்னால் மச்சம் இருக்கும், இதெல்லாம் தெரிஞ்சவங்க. அன்றைக்கு ஆற்றில் கால் நனைக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதற்கப்புறம் வேண்டாம் என்றுதான் இருந்தாள். நவநீதன் போனில், திரும்பக் கொடுக்கறப்ப அழுவ, அப்புறம் எனக்குப் போன் பண்ணுவ, எதுக்கும்மா உனக்கு இந்த வம்பு என்று கேட்டான். சரிதான் என்று சொல்லி வைத்தாள். சொல்லி வைத்த வாரத்திலேயே மேடம் கூப்பிட்டு, டி.பி. வந்த ஒரு பொண்ணோட ஒரே குழந்தை, அப்பா லாரியில அடிபட்டு இறந்துட்டாரு, சொந்தக்காரங்க யாரும் வாங்கிக்க மாட்டேங்கறாங்க, நோய்க்குப் பயப்படறாங்க என்றார். பூங்கோதையும்தான் பயந்தாள். குழந்தைக்கு நோய் இல்லை, தடுப்பு மாத்திரை மட்டும்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தும் பிள்ளை லேசாக இருமினால் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பாள். எதிர்வீட்டு ராசாமணி அக்கா தன் பேரனை இங்கே விளையாட விடவில்லை, தட்டும் டம்ளரும் தனியா வெச்சிருக்கயல்லோ என்று ரகசியமாகக் கேட்டாள். இல்லைங்க, நாங்க ஒரே தட்டுலதான் சாப்பிடறோம் என்று பூங்கோதை வீம்புக்குச் சொன்னாள், சொன்னதற்காகவே அன்றைக்கு முதல்முதலாக ஒரே தட்டில் பிசைந்து, ஒரு வாய் பிள்ளைக்கு, ஒரு வாய் தனக்கு என்று தின்றாள். அந்த முதல் வாய் இறங்குவதற்குள் எத்தனை மடக்குத் தண்ணீர் குடித்தாள் என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது வாய்க்குத் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. அப்புறம் தனித்தட்டு எடுத்து வைத்தால் பிள்ளை உட்காரவே மாட்டேன் என்றது.

கவுந்தப்பாடி வந்துவிட்டது. காய்ச்சுகிற வெல்லப்பாகின் வாசம் ஜன்னல் வழியாக உள்ளே நிறைந்தது. மாத்திரையைப் பொடி பண்ணி நாட்டுச்சர்க்கரையில் குழைத்துக் கொடுப்பாள், பிள்ளை நாக்கை நீட்டி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாங்கும், சுகந்திக்கு இதைச் சொல்ல வேண்டும், இல்லை, மாத்திரை முடிந்துவிட்டதே, இனிமேல் எதற்குச் சொல்வது. வேறு என்ன சொல்ல வேண்டும். தூங்குவதற்குக் காதுமடலைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் காது வேண்டும். இடி என்றால் பயம், மிக்சி என்றால் பயமில்லை. கக்கூசுக்குப் போனால் கதவைச் சாத்தக் கூடாது. இதெல்லாம் பெற்றவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தாள். தெரியாது, அவள் விட்டுப் போகும்போது பிள்ளைக்கு மூன்று வயசுகூட ஆகவில்லை, காதுமடலைப் பிடிப்பது இங்கே வந்து பழகியது, அது என் காது. சுகந்தி காதில் கம்மல் பெரிசாக இருந்தால் பிள்ளை என்ன செய்யும். திருப்பூரில் ஒற்றை அறை வீடு பிடித்திருக்கிறாளாம், பனியன் கம்பெனியில் திரும்ப வேலையாம், பகலில் யார் பார்ப்பார்கள், பக்கத்திலேயே அங்கன்வாடி இருக்கிறது, நாங்க விசாரிச்சுட்டோம் என்று மேடம் சொன்னார், விசாரித்திருப்பார்கள், நல்லவர்கள்தான், ஆனால் சாயங்காலம் அங்கன்வாடி மூடினால் அதற்கப்புறம், ஓவர்டைம் என்று கம்பெனியில் உட்கார வைத்துவிட்டால் அதற்கப்புறம், வீட்டு வாசலில் சாக்கடை திறந்து கிடந்தால், அந்த நோய் போன மாதிரி போய்த் திரும்ப வந்தால். வரட்டும் என்று ஒரு மனசு சொன்னது. பூங்கோதை திடுக்கிட்டுப் பிள்ளையை இறுக்கினாள். சுகந்திக்குப் பூரணமாகக் குணமாகிவிட்டது என்று மேடம் போனில் சொன்ன அன்றைக்கும் இப்படித்தான், கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது, ரொம்ப சந்தோசமுங்க மேடம் என்று வாய் சொல்லியது, போனை வைத்துவிட்டுக் கிரைண்டரை நிறுத்தினாள், எதற்கு நிறுத்தினோம் என்று தெரியாமல் திரும்பப் போட்டாள், மாவு வெண்ணெயாகி அதற்குமேல் அரைக்க ஒன்றுமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு பொம்பிளை எமனிடமிருந்து பிழைத்து வந்திருக்கிறாள், அதைக் கேட்டு நான் ஏன் இப்படிக் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

“பெரிம்மா, சாயங்காலம் நாம வீட்டுக்கு வந்துருவமா?” என்று மிதுனா கேட்டாள்.

ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டுதான் வருகிறாள். பிள்ளையிடம் மறைக்கக் கூடாது, பொய் சொல்லக் கூடாது என்று மேடம் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு உடம்பு நல்லாயிடுச்சு, நீ அம்மாகூடப் போய் இருக்கப்போற என்று தினமும் சொன்னாள். பிள்ளை தினமும் தலையை ஆட்டினாள், ஆட்டிவிட்டு விளையாடப் போனாள்.

“நீ அம்மாகூட இருப்பே சாமி. பெரிம்மா மட்டும் வீட்டுக்குப் போவேன்.”

“என்ற சைக்கிளு?”

“பெரியப்பா கொண்டாந்து தருவாரு.”

“நீயும் வருவியா?”

பிள்ளை பழகுகிறவரைக்கும் கொஞ்ச மாசம் பார்க்க வராமல் இருப்பது நல்லதுங்க என்று மேடம் தயங்கித் தயங்கிச் சொன்னது ஞாபகம் வந்தது. கொஞ்ச மாசத்தில் என்னென்ன மறக்கும். முதலில் பேர் மறக்குமா, முகம் மறக்குமா. வாசற்படியில் உட்கார்ந்து கொலுசைக் குலுக்கியது மறக்கும், பெரியப்பா தாமிரக் கம்பியில் செய்துகொடுத்த மோதிரம் மறக்கும், கடைசியில் ஒரு வெல்ல வாசம் மட்டும் மிஞ்சும், எங்கேயோ வளர்ந்து பெரியவளாகி ஒரு பஸ்ஸில் போகும்போது இந்த வாசம் மூக்கில் பட்டு, இது என்னமோ தெரிஞ்ச மாதிரி இருக்கே என்று நினைப்பாள், என்னவென்று தெரியாமல் விட்டுவிடுவாள். நானும் தெரிஞ்ச மாதிரி இருக்கிற ஒன்றாகத்தான் ஆவேன். “பெரியப்பா வருவாருல்ல, அப்ப பாக்கலாம்” என்றாள். அது வருவேன் என்பதும் இல்லை, வரமாட்டேன் என்பதும் இல்லை. பிள்ளைக்கு அது போதுமானதாக இருந்தது. கையைத் தூக்கிப் பூங்கோதையின் காதைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸின் ஆட்டத்தில் ரெண்டு நிமிசத்தில் தூங்கிப்போனாள். தூங்கினால் கனம் கூடிவிடுகிறது. தொடை மரத்தது. அசையாமல் இருந்தாள். வெளியே மஞ்சள் காடும் கரும்புக் காடும் மாறி மாறி வந்தன. சித்தோட்டில் பஸ் நின்று, கண்டக்டர் இறங்கறவங்க இறங்குங்க என்று சத்தம் போட்டபோது பூங்கோதையின் கால் தரையை அழுத்தியது. இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்றால் கோபி பஸ். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு போன். அடுத்த வாரம் வேறு ஏதாவது. அந்தப் பெண் அங்கே உட்கார்ந்திருப்பாள், புதுத்துணி வாங்கி வைத்திருப்பாள், வாசலில் நிழல் ஆடினால் நிமிர்ந்து பார்ப்பாள். பஸ் எடுத்துவிட்டது. நல்லவேளை என்றும் நினைத்தாள், ஐயோ என்றும் நினைத்தாள். ஈரோட்டுக்குள் நுழையும்போது, தருணைப் போல இவளைத் தூங்கும்போது கொடுக்கக் கூடாது என்பது மட்டும் உறுதியாக இருந்தது. கன்னத்தைத் தட்டி எழுப்பினாள். “எந்திரி கண்ணு. அம்மாகிட்ட வந்துட்டோம்.”

அலுவலகம் மாடியில் இருந்தது. சுகந்தி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். போனில் இத்தனை நாளும் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் வருவாள், போன் வழியாகக்கூடப் பிள்ளைக்கு நோய் தொற்றிவிடும் என்கிற மாதிரி, கண்ணும் நெற்றியும் மட்டும்தான் தெரியும். இன்றைக்குத்தான் பூங்கோதை அவள் மூக்கையும் வாயையும் பார்த்தாள். அது மிதுனாவின் வாய். கீழுதடு கொஞ்சம் முன்னால் வந்து, அழுவதற்கு முன்னால் ஒரு பக்கம் மட்டும் கோணுகிற அதே வாய். அந்தக் கோணலைத் தன் வீட்டுச் செல்லத்தில் வந்தது என்று இத்தனை நாள் பூங்கோதை நினைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையோ அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, தெரியாத ஆளைப் பார்த்த மாதிரி, புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. மிது என்று சுகந்தி கூப்பிட்டாள். தொடுவதற்குக் கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். மேடம் ஒரு பொம்மையைக் காட்டினார். சுகந்தி பையிலிருந்து ஊதா கவுன் ஒன்றை எடுத்து விரித்தாள். பார்த்தாலே சின்னதாகும் என்று தெரிந்தது. விட்டுப்போன அளவுக்கு ஒரு சுற்று கூட்டித் தைத்திருக்கிறாள், பிள்ளை அதற்கும் மேலே வளர்ந்துவிட்டது. கவுனைப் பிள்ளையின் முதுகில் வைத்துப் பார்த்தவள், மடித்துப் பைக்குள் போட்டுவிட்டாள். வீட்டுக்குப் போலாம் பெரிம்மா என்று பிள்ளை அழ ஆரம்பித்தது.

மேடம் தண்ணீர் கொண்டுவரப் போன நேரத்தில் சுகந்தி பக்கத்தில் வந்தாள். மெதுவாகச் சொன்னாள்.

“அக்கா, அவ உங்ககூடவே இருந்துக்கட்டும். நா அப்பப்ப வந்து பாத்துக்கறேன். அவளுக்கு என்னத் தெரியலக்கா.”

கோபியிலிருந்தே மனசுக்குள் இதை வேண்டிக் கேட்டுக்கொண்டுதான் பூங்கோதை வந்தாள். பாலம், பஸ் ஸ்டாண்டு, மாடிப்படி எல்லாவற்றிலும் இதைத்தான் கேட்டாள். இப்போது அதைக் கொடுக்க வேண்டியவளே கையில் கொண்டுவந்து கொடுக்கிறாள். சரி கண்ணு என்று சொன்னால் போதும். பிள்ளையின் நகம் முதுகில் பதிந்தது. அலுவலகத்தில் என்ன சொல்வார்கள், சட்டம் என்ன, அதெல்லாம் அப்புறம். சுகந்தியின் உதடு ஒரு பக்கம் கோணியது. அவள் அழவில்லை. அழாமல் இருப்பதற்காகத்தான் கோணியது. இந்தக் கோணலை எத்தனை தடவை இடுப்பில் தூக்கி வைத்துச் சமாதானப்படுத்தியிருக்கிறேன் என்று பூங்கோதை நினைத்தாள், நினைத்துக்கொண்டே அந்தப் பெண்ணின் தலையில் கையை வைத்தாள்.

“உன்னத் தெரியாமப் போனா போகுது. உனக்கு அவளத் தெரியுமல்லோ. உட்காரு.”

சுகந்தி தரையிலேயே உட்கார்ந்தாள். பூங்கோதையும் எதிரே உட்கார்ந்து, தன் கழுத்திலிருந்து பிள்ளையின் கைகளை எடுத்தாள். ஒன்றை எடுத்தால் மற்றது வந்து பற்றியது. விரல் விரலாகப் பிரித்தாள். தூங்கறப்ப காதுமடலைப் பிடிக்கும், கம்மலைக் கழட்டி வெச்சுரு என்று சொன்னாள். ஒரே தட்டுல சாப்பிடு, தனியா வெச்சீன்னா சாப்பிடாது என்று சொன்னாள். பிள்ளையைத் தாயின் மடியில் வைத்து, “அம்மாகிட்ட இரு சாமி, பெரிம்மா போறேன்” என்று, பிள்ளை கண்ணைப் பார்த்து, கேட்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு எழுந்தாள்.

கதவைத் தாண்டும்போது பெரிம்மா என்ற அலறல் முதுகில் வந்து விழுந்தது. படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றி இறங்கினாள். மேலே அழுகை ஏறிக்கொண்டே போனது, நடுவில் மூச்சு வாங்கியது, இருமியது, திரும்ப ஏறியது. அந்த இருமல் சளி இருமல் இல்லை, அழுகிற இருமல்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதன் ஒவ்வொரு திருப்பமும் தெரியும், இனி விக்கும், இனிப் பெரிசாக ஒரு தடவை வீறிடும், அப்புறம் கொஞ்சம் இறங்கும், அவ்வளவு சீக்கிரம் நிற்காது, இவளிடம் வந்த முதல் நாள் அப்படித்தான் அழுதது, சாயங்காலம் வரைக்கும் அழுதது. அழுகையை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள், அதற்கு நெஞ்சைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், ரோட்டுக்குப் போகிறவரைக்கும் அது கேட்டுக்கொண்டே வரும் என்று எண்ணியிருந்தாள். அவள் இன்னும் மாடிப்படி வளைவுக்குக்கூட வந்து சேரவில்லை. வீறிடல் ஒன்று கிளம்பி, பாதியில், யாரோ வாயில் எதையோ ஊட்டிய மாதிரி அடங்கியது. நின்றாள். மேலே சுகந்தியின் குரல் மட்டும் மெதுவாக, என்னவென்று புரியாமல், எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. திரும்ப அழும் என்று காத்திருந்தாள். அழவில்லை. தாயின் காதுமடல் கைக்குக் கிடைத்திருக்கும் என்று நினைத்தாள். பின்னால் இறங்கி வந்த ஒருவர் கொஞ்சம் வழி விடுங்கம்மா என்றார். சுவரோரமாக ஒதுங்கி வழி விட்டாள். அவர் போன பிறகும் அங்கேயே, காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.